தென்கன்னட முத்துப்புள்ளி மீன்: வீட்டுத் தொட்டியில் வளர்ப்பும் குஞ்சு பொரித்தலும்

கண்ணாடித் தொட்டியில் அலங்கார மீன் வளர்த்தல் பட்டணவாசிகளின் பொழுதுபோக்கு மாத்திரமன்று. சென்னையைச் சேர்ந்த கொளத்தூரில் அநேக குடும்பங்கள் இத்தொழிலையே நம்பி ஜீவிக்கின்றன. கிணற்று வசதியும் சிறிது நிழலும் உள்ள குடியானவர்களும் இதனை உபதொழிலாகக் கைக்கொள்ளலாம். ஆனால் நம்மவர் தொட்டிகளில் காணப்படும் மீன்களுள் பெரும்பாலானவை அயல்நாடுகளிலிருந்து வந்தவை. நம் தேசத்திற்கே உரியதாய், மேற்குத் தொடர்ச்சி மலையில் உற்பத்தியாகும் சில ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாததாய் உள்ள ஒரு மீனைப் பற்றி இக்கட்டுரையில் கூறப்படும். இம்மீன் வளர்ப்பதற்கு அழகானது. ஆனால் அருகி வருவது. ஆகையால் இதனை வளர்ப்பவனுக்கு மற்ற மீன்களை வளர்ப்பவனுக்கு இல்லாத ஒரு பொறுப்பு உண்டு.

ஜாதியும் இருப்பிடமும்

மீன்களில் சிக்லிட் என்பது ஒரு பெரிய குடும்பம். ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் இக்குடும்பத்தில் பல நூறு வகைகள் உண்டு. நம் நாட்டுக்கு இயற்கையாக உரியவை மூன்றே. முதலாவது, கேரளத்தில் கரிமீன் என்று பெயர்பெற்று உணவுக்காக விரும்பி வாங்கப்படுவது. இரண்டாவது, அங்கேயே பள்ளத்தி என்று வழங்கும் சிறு மீன். இது நெடுங்காலமாக அலங்காரத் தொட்டிகளில் வளர்க்கப்பட்டு வருகிறது. மூன்றாவதுதான் நாம் எடுத்துக்கொண்ட தென்கன்னட முத்துப்புள்ளி மீன். சாஸ்திரப் பெயர் எட்ரோப்ளஸ் கனரென்ஸிஸ். இம்மூன்றிற்கும் மிக நெருங்கிய உறவினர் அரபிக் கடலுக்கு அப்பால் மடகாஸ்கர் தீவில் இருக்கின்றனர் என்பது அறியத்தக்கது.

இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய டாக்டர் பிரான்ஸிஸ் டே என்பவர் 1877-ம் வருஷத்தில் இம்மீனை முதன்முதலாக விவரித்தார். அக்காலத்தில் தென்கன்னட ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. 1956-ல் நடந்த ராஜ்யச் சீரமைப்பில் அது மைசூர் ராஜ்யத்துடன் சேர்க்கப்பட்டது. இப்பொழுது கர்நாடகத்தில் உள்ளது. மங்களூரில் கடலோடு கலக்கும் நேத்ராவதி ஆறும், உப்பினங்கடியில் அதனோடு கூடும் குமாரதாரா ஆறும் இம்மீனின் வாசஸ்தலங்கள்.

முழு வளர்ச்சி பெற்ற மீன் ஏறக்குறைய நாலரை அங்குல நீளம் இருக்கும். உடல் பக்கவாட்டில் தட்டையாகவும் உயரமாகவும் இருக்கும். மஞ்சள் சாயலுள்ள உடலின்மேல், மேலிருந்து கீழாகக் கரும்பட்டைகள் ஓடும். அவற்றினிடையே முத்துப் பதித்தாற்போல் வெளிறிய புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். பயந்த மீனிடத்தில் இந்நிறங்கள் மங்கிவிடும். சுகமாயிருக்கும் மீனிடத்தில் ஒளிரும். ஆகவே மீனின் நிறமே வளர்ப்பவனுக்கு முதல் வைத்தியக் குறிப்பு.

இதற்கு நேர்ந்துள்ள ஆபத்து

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் வெளியிடும் செம்பட்டியலில் இம்மீன் அழியும் அபாயத்திலுள்ள ஜாதியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பல ஆறுகளில் பரவியுள்ள ஜாதிக்கு ஓர் ஆறு கெட்டாலும் மற்றோர் ஆறு புகலிடமாகும். ஓரிரண்டு ஆறுகளையே நம்பியுள்ள ஜாதிக்கு அப்புகலிடம் இல்லை. ஆற்று மணலை அளவின்றி வாருதல், கழிவு ஜலம் கலத்தல், வெடி வைத்து மீன் பிடித்தல் ஆகிய இவை முட்டையிடும் இடங்களைக் கெடுக்கின்றன. இவற்றோடு அலங்கார மீன் வியாபாரத்திற்காக ஆற்றிலேயே பிடித்து அனுப்புவதும் சேருகிறது. முதலிற் சொன்னவற்றைத் தடுப்பது தொட்டி வைத்திருப்பவன் கையில் இல்லை. கடைசியாகச் சொன்னது முற்றிலும் அவன் கையில் இருக்கிறது.

எனது முதல் பிழை

இப்பாடத்தை நான் நஷ்டத்தினால் கற்றுக்கொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் இவ்வகை மீன்கள் நான்கு கிடைத்தன. எங்கே பிடிக்கப்பட்டவை என்று கேட்கவேண்டுமென எனக்குத் தோன்றவில்லை. பள்ளத்தியைப் போலவே இதுவும் உவர் ஜலத்தை விரும்பும் என்று எண்ணி, கடினமான ஆழ்குழாய்க் கிணற்று ஜலத்தில் உப்பும் கலந்து, புதிதாக அமைத்த தொட்டியில் அன்றைக்கே விட்டேன். முதல் வாரம் அவை மூலையில் கருத்து ஒடுங்கி நின்றன. இரண்டாம் வாரம் ஆகாரத்தை நெருங்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் நான்காவது மீனையும் எடுத்துப் புதைத்தேன். பயிருக்கு நிலம் பார்த்து விதை போடச் சொல்லி ஊரூராய்ப் போதிப்பவன், மீனுக்கு ஜலம் பார்க்கத் தவறினேன். பிற்பாடு விசாரித்ததில் அவை ஆற்றில் பிடிக்கப்பட்டவை என்று தெரிந்தது. நெல் நாற்று கெட்டால் மறு நாற்று விடலாம்; அந்த நான்கு மீன்களை ஆற்றுக்குத் திருப்பித்தர வழியில்லை. கீழே கூறப்படும் முறைகள் அதன்பின் தொட்டியில் பிறந்த குஞ்சுகளை வாங்கி வளர்த்து அறிந்தவை.

தொட்டி

இம்மீன் கூட்டமாய் வாழ்வது. ஒன்று அல்லது இரண்டாக வாங்கினால் வலியது எளியதைத் துன்புறுத்தும். ஆறு முதல் எட்டுக் குஞ்சுகளைச் சேர்த்து வளர்ப்பதே முறை. இதற்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி வேண்டும். இதில் ஏறக்குறைய 250 லிட்டர் ஜலம் கொள்ளும். கண்ணாடி, கல், மணல் யாவும் சேர்ந்து எடை 300 கிலோவுக்கு மேற்படுமாதலால், சாதாரண மேஜைமேல் வைக்கலாகாது. உறுதியான இரும்புச் சட்டம் அல்லது செங்கல் மேடை அமைத்து, கண்ணாடிக்கு அடியில் மெத்தென்ற தகடு விரித்து வைக்கவேண்டும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் உதவாது.

அடியில் நன்றாகக் கழுவிய நுண்மணலை இரண்டு அங்குல கனத்திற்குப் பரப்புக. ஆற்றுக் கூழாங்கல்லைப்போல் உருண்டைக் கற்களையும், சாய்வாக நிறுத்தப்பட்ட தட்டைக் கற்கள் இரண்டு மூன்றையும், ஊறவைத்த வேர்க்கட்டைகளையும் வைக்கவேண்டும். ஒரு மீன் மற்றொன்றின் பார்வையிலிருந்து மறைவதற்கு இடமிருந்தால் சண்டை பாதியாகக் குறையும். மெல்லிய இலையுள்ள நீர்ச்செடிகளை இவை கடித்துத் தின்றுவிடும். கல்லிலும் கட்டையிலும் பற்றி வளரும் தடித்த இலைச் செடிகளே நிலைக்கும்.

ஆற்று மீனாதலால் ஜலத்தில் அசைவும் பிராணவாயுவும் வேண்டும். ஜலத்தைச் சுற்றவைக்கும் வடிகட்டி ஒன்றும், காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்றும் இருப்பது நலம். மின்சாரம் நின்றுபோகும் ஊர்களில் மின்கலத்தால் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் அவசியம்.

ஜலம்

இம்மீன் வளர்ப்பில் மிக முக்கியமான அம்சம் இதுவே. கரிமீனும் பள்ளத்தியும் கழிமுகத்து உவர் ஜலத்திலும் வாழும். தென்கன்னட மீனோ நன்னீருக்கே உரியது. ஆகவே உப்புக் கலத்தல் அறவே கூடாது. மலையாற்று ஜலம் மென்மையானது. நமது ஜில்லாக்களில் ஆழ்குழாய்க் கிணற்று ஜலம் பெரும்பாலும் கடினமானது. துணி துவைக்கையில் சோப்பு நுரைக்காமல் தயிர்போல் திரிந்தால் அந்த ஜலம் தனியே இம்மீனுக்கு உதவாது என்று கொள்க.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் மழை ஜலம். முதல் மழையைப் போகவிட்டு, கூரையும் தளமும் கழுவப்பட்டபின் விழும் ஜலத்தைத் துணியில் வடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் சேமிக்கவேண்டும். புதுச் சிமெண்டுத் தொட்டியில் சேமித்தால் சிமெண்டின் காரம் ஜலத்தில் இறங்கும். மழை ஜலத்தையும் தனியே உபயோகிக்கலாகாது. உலோக உப்புக்கள் இல்லாமையால் அதன் தன்மை திடீரென்று அமிலமாக மாறக்கூடும். முதலில் பாதிக்குப் பாதி கிணற்று ஜலத்துடன் கலந்து சோதித்து, தேவைக்கேற்ப மழை ஜலத்தின் பங்கைக் கூட்டுக. பி.எச். அளவு 6.5-க்கும் 7.5-க்கும் இடையிலும், உஷ்ணம் 24 முதல் 28 டிகிரி செல்ஸியஸ் வரையிலும் இருப்பது போதுமானது. அளவுகளை அடிக்கடி திருத்துவதைவிட ஒரே நிலையில் வைப்பது மேல்.

நகராட்சிக் குழாய் ஜலத்தில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளைச் சுடும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் காற்றோட்டமாய் வைத்தால் குளோரின் நீங்கும். குளோரமின் கலந்திருந்தால் அவ்வாறு நீங்காது. அதற்குரிய மருந்தைக் கடையில் வாங்கி, குறித்த அளவில் சேர்த்தபின்பே உபயோகிக்கவேண்டும். வாரத்திற்கு ஒருமுறை தொட்டி ஜலத்தில் ஐந்திலொரு பங்கை எடுத்து, அதே உஷ்ணமுள்ள புது ஜலத்தை மெதுவாக விடுக.

தொட்டியைப் பக்குவப்படுத்துதல்

புதிதாக உழுத நிலத்தில் எரு மக்குவதற்குமுன் விதைப்பாரில்லை. தொட்டியும் அவ்வாறே. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா கொடிய விஷம். அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல், தினந்தோறும் ஒரு சிட்டிகை மீன் ஆகாரத்தை இட்டு வடிகட்டியை ஓடவிடவேண்டும். சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெரிந்த பிறகே மீன்களை விடலாம். பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டைப் புது வடிகட்டியில் வைத்தால் இக்காலம் குறையும். பஞ்சைக் கழுவும்போது தொட்டியிலிருந்து எடுத்த ஜலத்திலேயே அலசவேண்டும். குழாய் ஜலத்தில் கழுவினால் அந்நுண்ணுயிர்கள் மாண்டுபோம்.

மீன் வாங்கும்பொழுது

விற்பவரை நோக்கி, ‘இவை தொட்டியில் பொரித்தவையா, ஆற்றில் பிடித்தவையா?’ என்று முதலிலேயே கேட்கவேண்டும். தொட்டியில் பொரித்ததற்கு அடையாளமாக ஒரே அளவுள்ள குஞ்சுகள் பல இருக்கும். தாய் தந்தையரைக் காட்டவும் கூடும். பெரிய மீன்கள் சிலவே, அதுவும் செதில் உரிந்தும் துடுப்பு கிழிந்தும் இருக்குமானால் ஆற்றில் பிடித்தவையோ என்று சந்தேகிக்கவேண்டும். விற்பவர் பதில் கூறத் தயங்கினால் வாங்காமல் திரும்புவதே தர்மம். இரக்கத்தினால் வாங்கினாலும், காலியான அந்த இடத்தை நிரப்ப ஆற்றில் மறுபடியும் வலை வீசப்படும்.

வாங்கிய குஞ்சுகளை மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்து, நோயில்லையென்று கண்டபின் பெரிய தொட்டிக்கு மாற்றுக.

ஆகாரம்

இது பச்சை ஆகாரத்தை மிகவும் விரும்புவது. கல்லில் படியும் பாசியைக் கொறித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் தொட்டியின் பின்புறக் கண்ணாடியிலும் கற்களிலும் வளரும் பாசியைச் சுரண்டாமல் விடவேண்டும். ஸ்பைருலினாப் பாசி கலந்த உருண்டை ஆகாரம், வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்த கீரை, தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி ஆகியவற்றைப் பிரதான ஆகாரமாகக் கொடுக்கலாம். பூச்சி மருந்து தெளித்த கீரை உதவாது. வாரத்தில் இரண்டு நாள் கொசுப்புழுவோ நீர்த்தெள்ளோ கொடுத்தல் போதும். மாட்டிறைச்சி, கோழி ஈரல் முதலியவற்றைக் கொடுத்துச் சீக்கிரம் பருக்கவைக்க முயலுபவர் உண்டு. அதனால் வயிறு உப்பி மீன் சாகும். நாளைக்கு இருமுறை, சில நிமிஷங்களில் தின்று தீரும் அளவே இடுக.

ஜோடி சேர்தல்

ஆண் பெண் வேற்றுமை வெளித்தோற்றத்தில் எளிதில் விளங்காது. முட்டையிடும் காலத்தில் வயிற்றடியில் தோன்றும் சிறு குழல் ஆணுக்குக் கூர்மையாகவும் பெண்ணுக்குப் பருத்து மொட்டையாகவும் இருக்கும். ஆகவே நாமாக இரண்டைப் பிடித்து ஜோடி சேர்ப்பது வீண். கூட்டமாக வளர்ந்தவற்றுள் இரண்டு தாமே சேர்ந்து, தொட்டியின் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு மற்றவற்றைத் துரத்தத் தொடங்கும். அப்பொழுது மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றவேண்டும். ஜோடியை இடம் பெயர்க்கலாகாது. மாற்றத் தாமதித்தால் எளிய மீன்கள் அடிபட்டு இறக்கும். எனது தொட்டியில் குஞ்சுகளை வாங்கிப் பதினான்கு மாதம் கழித்தே முதல் ஜோடி அமைந்தது. இதில் அவசரம் பயன் தராது.

முட்டையும் குஞ்சும்

மழை ஜலத்தின் பங்கைச் சிறிது கூட்டிப் புது ஜலம் விடுவதும், பச்சை ஆகாரத்தை அதிகப்படுத்துவதும் முட்டையிடத் தூண்டும். ஜோடி இரண்டும் சாய்ந்த கல் ஒன்றைத் தேர்ந்து வாயினால் சுத்தம் செய்யும். பெண் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டவைக்க, ஆண் பின்தொடர்ந்து கருவூட்டும். ஒவ்வொரு முட்டையும் சிறு காம்பினால் கல்லில் தொங்கி நிற்கும். அதன்பின் தாயும் தந்தையும் முறை வைத்துத் துடுப்பினால் விசிறிக் காவல் காக்கும். வெண்மையாகிப் பூசணம் பிடித்த முட்டைகளைத் தாமே பொறுக்கி அகற்றிவிடும்.

உஷ்ணத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நாட்களில் முட்டை பொரியும். பெற்றவை குஞ்சுகளை வாயில் கவ்வி மணலில் தோண்டிய குழிக்கு மாற்றும். கருப்பை உணவு கரைந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். இதன் இனமாகிய பள்ளத்தியின் குஞ்சுகள் தாய் தந்தையரின் உடலில் ஊறும் வழுவழுப்பான கோழையைக் கொத்தித் தின்பதை ஆராய்ச்சியாளர் கண்டெழுதியிருக்கின்றனர். தென்கன்னட மீனின் குஞ்சுகளும் பெற்றவரின் விலாவை மொய்த்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இயன்றவரை குஞ்சுகளைப் பிரிக்காமல் பெற்றவரோடு விடுவதே சிறந்தது.

முதல் இரண்டு முறை ஜோடி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவது சகஜம். என் வீட்டிலும் அவ்வாறே நடந்தது. முட்டையிட்ட நாட்களில் தொட்டிக்கருகே அடிக்கடி போவதும், விளக்கைத் திடீரென்று அணைப்பதும் அவற்றை வெருட்டும். மூன்றாம் முறை தொட்டியின் முன்புறத்தில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, இரவில் மங்கலான சிறு விளக்கை எரியவிட்டேன். அம்முறையில் அறுபத்து மூன்று குஞ்சுகள் தப்பி வளர்ந்தன.

நீந்தும் குஞ்சுகளுக்கு அப்பொழுதே பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளை நன்னீரில் அலசி, நாளைக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். இரண்டு வாரத்திற்குப் பின் பொடித்த ஸ்பைருலினாவும் சேர்க்கலாம். வடிகட்டியின் உறிஞ்சும் வாயில் பஞ்சைக் கட்டாவிட்டால் குஞ்சுகள் இழுக்கப்பட்டு மாளும். மிஞ்சிய ஆகாரத்தைத் தினமும் மெல்லிய குழாயினால் உறிஞ்சி எடுத்து, அவ்வளவு பக்குவ ஜலத்தைத் துளித்துளியாகச் சேர்க்கவேண்டும்.

நோய்

உடலில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் கண்டால் அது ஒருவித ஒட்டுண்ணியால் வருவது. ஜலத்தின் உஷ்ணத்தை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை உயர்த்தி, காற்றை அதிகப்படுத்துக. வெந்த ஜலத்தில் பிராணவாயு குறையும். மற்ற மீன்களுக்கு வழக்கமாய்ப் போடும் உப்பை இங்கு நாடவேண்டாம். நிறம் மங்குதல், மூலையில் ஒடுங்குதல், மேலே வந்து வாய் திறத்தல் ஆகியவற்றைக் கண்டால் மருந்து தேடுமுன் ஜலத்தைச் சோதிக்கவேண்டும். பெரும்பாலும் குற்றம் ஜலத்திலேயே இருக்கும்.

கணக்கும் வம்சமும்

கால்நடை வளர்ப்போர் பொலிகாளையின் வம்சத்தைக் குறித்து வைப்பதுபோல், இம்மீன் வளர்ப்பவரும் ஒரு குறிப்புப் புத்தகம் வைக்கவேண்டும். யாரிடம் எப்பொழுது வாங்கியது, எந்த ஜோடியின் குஞ்சு, யாருக்குக் கொடுத்தது என்பவை அதில் இருக்கவேண்டும். ஒரே ஈற்றில் பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் வம்சம் நலிந்து, ஊனமுள்ள குஞ்சுகள் தோன்றும். வேறிடத்தில் வளர்ப்பவரோடு குஞ்சுகளை மாற்றிக்கொள்ளுதல் இதற்குப் பரிகாரம். ஊனமான குஞ்சை விற்கலாகாது. கரிமீனோடும் பள்ளத்தியோடும் ஒரே தொட்டியில் வைத்து இனம் பெருக்க முயலுவதும் கூடாது.

குளத்திலும் ஆற்றிலும் விடலாகாது

குஞ்சுகள் மிகுந்தால் ஊர்க் குளத்தில் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கின்றனர். 1952-ல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, அதாவது நாம் ஜிலேபிக் கெண்டை என்று கூறும் மீன், நம் குளங்களில் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதை யாவரும் அறிவர். அம்மீனும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததே. இதில் விந்தை யாதெனில், நம்மிடம் பெருகிய அதே மீன் தன் தாய்நாடாகிய தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், அங்கே கொண்டுவந்து விடப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து, தன் தனி இனத்தை இழக்கும் நிலையில் இருக்கிறது. மனிதர் மீனை இடம் மாற்றி விட்டதால் ஓரிடத்தில் தொல்லையும் மற்றோரிடத்தில் அழிவும் விளைந்தன.

ஆகையால் நம் ஜில்லாக் குளங்களில் இம்மீனை விடுவது தவறு. நேத்ராவதியிலேயே கொண்டுபோய் விடுவது புண்ணியமென எண்ணுவதும் தவறு. தொட்டியில் வளர்ந்த மீன் தொட்டி நோய்களை ஆற்று மீன்களுக்குக் கொண்டுபோகலாம். அத்தகைய காரியத்தை மீன்வள இலாகாவின் ஆராய்ச்சியாளர் தக்க சோதனைகளுடன் செய்யவேண்டுமேயன்றித் தனி மனிதர் செய்யலாகாது.

முடிவுரை

வீட்டுத் தொட்டி ஆற்றுக்கு ஈடாகாது. ஆறு கெட்டால் ஆயிரம் தொட்டிகள் வைத்தும் அந்த ஜாதியை அதன் இயல்பில் காக்க இயலாது. ஆயினும் கண்ணாடித் தொட்டிக்கு வேண்டிய மீன்களைக் கண்ணாடித் தொட்டியிலேயே உண்டாக்கினால், அவற்றுக்காக ஆற்றில் வலை வீசவேண்டிய அவசியம் குறையும். வளர்ப்பவன் செய்யக்கூடிய உதவி இவ்வளவே, இது சிறியதன்று.

வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டியவை:

1. ஆற்றில் பிடித்த மீனை வாங்காதீர்கள்; தொட்டியில் பொரித்த குஞ்சுகளை ஆறு முதல் எட்டு வரை வாங்குங்கள்.

2. நான்கு முதல் ஆறு வாரம் தொட்டியைப் பக்குவப்படுத்திய பின்பே மீன் விடுங்கள்.

3. உப்புச் சேர்க்காதீர்கள், கடின ஜலத்தை மழை ஜலத்தால் மென்மையாக்குங்கள்.

4. பச்சை ஆகாரத்தையே பிரதானமாகக் கொடுங்கள்.

5. ஜோடியை மீன்களே தேர்ந்துகொள்ள விடுங்கள்; குஞ்சுகளைப் பெற்றவரிடமிருந்து பிரிக்காதீர்கள்.

6. வம்சக் கணக்கு வையுங்கள். குளத்திலோ ஆற்றிலோ ஒரு குஞ்சையும் விடாதீர்கள்.

என் தொட்டியில் பொரித்த அறுபத்து மூன்றில் பன்னிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை வளர்ப்பதில் ஊக்கமுள்ளோருக்குக் கொடுத்தேன். கொடுக்கும்பொழுது ஒவ்வொருவரிடமும் இரண்டே வாக்குறுதிகள் கேட்டேன்: கணக்கு எழுதவேண்டும், ஆற்று மீனை வாங்கலாகாது. அவர்களுள் இருவர் வீட்டில் இப்பொழுது ஜோடி சேர்ந்திருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது.